சேஜ் செடி: தோட்டத்துக்கு எது, அடுப்படிக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் பன்னிரண்டு வருடமாக சேஜ் என்ற வாசனை இலைச்செடியை வளர்க்கிறேன். நாற்று வாங்க வருகிறவர்களும், வாங்கிக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோய் வாடவிட்டு வருத்தப்பட்டுப் போன் செய்கிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தந்திருக்கிறேன். முதன்முறை வளர்ப்பவர்கள் மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது.

அக்கா, சேஜுக்குத் தமிழில் என்ன பேரு? போனில் தேடினால் "முனிவர்"னு வருது.

தமிழில் இதற்கென்று ஒரு பெயர் இல்லை. நம் மண்ணில் இருந்த செடி இல்லை, அதனால் பெயரும் இல்லை. பால்கன் பகுதியும் அட்ரியாட்டிக் கடலோரமும்தான் இதன் சொந்த ஊர். குரோஷியாவின் தால்மேஷியா கரையில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் தானாகவே முளைத்துக் கிடக்கும்.

முனிவர் என்று வருவது உச்சரிப்பால் வந்த குழப்பம். ஞானியைக் குறிக்கும் சேஜ் வேறு, செடியைக் குறிக்கும் சேஜ் வேறு. இரண்டும் வெவ்வேறு லத்தீன் வேர்களிலிருந்து வந்து ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் முடிந்துவிட்டன. செடியின் பெயர் சால்வியா என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நலம், காப்பு என்ற பொருளுள்ள வேர் அது. விதைப் பாக்கெட்டில் "முனிவர் இலை" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரில் கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது. சேஜ் என்றே கேளுங்கள்.

பார்க்க எப்படி இருக்கும்? துளசி மாதிரி வாசனையா?

துளசி, புதினா, சேஜ் எல்லாம் ஒரே குடும்பம். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டையாக இருக்கும், அது இந்தக் குடும்பத்து அடையாளம். சேஜ் இலை நீளமாக, சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும். மேலே நுண்ணிய சுருக்கங்களும் வெல்வெட் போன்ற ரோமமும் இருக்கும். கசக்கினால் கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் பைன் மரம், பின்னால் மிளகுக் காரம். துளசியின் கிராம்பு வாசனை இதில் கிடையாது.

பூ ஊதா நிறம். அது பூக்கும்போது ஒரு நிமிடம் நின்று தேனீயைக் கவனியுங்கள். சால்வியா பூவில் மகரந்தத் தாள் இரண்டே இரண்டு, அதுவும் கிணற்று ஏற்றம் மாதிரி அமைந்தவை. தேனீ உள்ளே தலையை நுழைத்து அடியைத் தள்ளினால் மேல்முனை வளைந்து இறங்கி அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

கற்பூரவல்லிதான் சேஜ்னு எங்க ஊர் நர்சரியில் சொன்னாங்க. நிஜமா?

இல்லை. கற்பூரவல்லி இலை தடித்து, நீர் கோத்து, மடக்கினால் படக்கென்று உடையும். வாசனை ஓமம். அதனால்தான் ஓமவல்லி என்றும் சொல்கிறோம். சேஜ் இலை மெல்லியது, உடையாது, மடங்கும். இரண்டும் ஒரே குடும்பத்தில் வேறு வேறு கிளைகள். யாராவது கற்பூரவல்லியை சேஜ் என்று விற்றால் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

ஊட்டிப் பூங்காவில் சால்வியான்னு சிவப்பா பூக்குதே, அதுவும் சேஜ்தானே? பறிச்சு சமைக்கலாமா?

வேண்டாம். சால்வியா என்பது ஒரு பேரினம், அதில் ஆயிரத்தை ஒட்டி வகைகள் இருக்கின்றன. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி எல்லாமே சோலானம் என்ற ஒரே பேரினம்தான். அதற்காக உருளைச் செடியின் இலையைக் கடைந்து சாப்பிடுகிறோமா? அதே கணக்குத்தான் இங்கேயும்.

பூங்காப் பாத்திகளில் பளிச்சென்று சிவந்து நிற்பது சால்வியா ஸ்ப்ளென்டன்ஸ், பிரேசிலிலிருந்து வந்தது. மலைவீட்டு வேலியோரம் ஊதா வெல்வெட் கதிர் நீட்டிக்கொண்டு நிற்பது சால்வியா லூகாந்தா, மெக்சிகோக்காரி. இரண்டும் கண்ணுக்கு விருந்து, அடுப்படிக்கு வேண்டியவை இல்லை. சமையல் சேஜின் முழுப் பெயர் சால்வியா அஃபிசினாலிஸ். நாற்று வாங்கும்போது அட்டையில் இந்த இரண்டாவது சொல்லைப் பாருங்கள்.

சரி, சமையலுக்குன்னா எந்த வகை வாங்கணும்? படத்தில் பத்து நிறம் காட்டுறாங்க.

முதல் செடி என்றால் சாதாரணப் பச்சை சேஜ். யோசிக்கவே வேண்டாம். வாசனை முழுசாக இருக்கும், தவறுகளையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு அடுத்து எனக்கு மிகப் பிடித்தது பெர்க்கார்டன். ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து ஹெரன்ஹவுசன் தோட்டங்களில் ஒன்றின் பெயர் அது. இலை அகன்று வட்டமாக, முயல் காது மாதிரி இருக்கும். அபூர்வமாகத்தான் பூக்கும், அதனால் செடியின் பலமெல்லாம் இலைக்கே போகும். இலையை முழுசாகப் பொரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஊதா சேஜில் இளம் இலைகள் கத்தரிப்பூ நிறத்தில் வந்து, முற்ற முற்றப் பச்சைக்குத் திரும்பும். சமைக்கலாம், வாசனையில் பெரிய குறை இல்லை. இக்டெரினாவில் பச்சைக்குச் சுற்றிலும் மஞ்சள் கரை. ட்ரைகலரில் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு மூன்றும் ஒரே இலையில். இந்த இரண்டையும் அழகுக்காக வளர்க்கிறேன், சாப்பிடவும் தடையில்லை. ஆனால் வாசனை கொஞ்சம் மட்டு, செடியும் நோஞ்சான். ட்ரைகலர்தான் முதல் மழையிலேயே சுருண்டுவிடும். கீழே வளர்க்க யாராவது அதைக் கேட்டால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

கிரேக்க சேஜ் தனி வகை, சால்வியா ஃப்ரூட்டிகோசா. கிரீஸிலும் துருக்கியிலும் சேஜ் டீ என்றால் பெரும்பாலும் இந்த இலைதான். யூகலிப்டஸ் வாசனை தூக்கலாக இருக்கும். இலைக்காம்பில் காது மாதிரி இரண்டு சின்ன மடல்கள் தொங்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பைனாப்பிள் சேஜ்ல நிஜமாவே அன்னாசி வாசனை வருமா?

வரும். இலையைத் தேய்த்தாலே பழுத்த அன்னாசி. மெக்சிகோ, குவாத்தமாலா மலைக்காடுகளின் செடி இது. பெயர் சால்வியா எலிகன்ஸ். இலை மெலிசு, ரோமம் குறைவு, பூ நல்ல சிவப்பு. பகல் குறையும் மாதங்களில்தான் பூக்கும். தேன்சிட்டுகள் விடியற்காலையிலேயே வந்துவிடும்.

ஆனால் இதைச் சமையல் சேஜுக்குப் பதிலாகப் போட முடியாது. வெண்ணெயில் பொரித்தால் வாசனை பறந்து வெறும் புல் மாதிரி ஆகிவிடும். ஜூஸ், பழக்கலவை, குளிர்ந்த தேநீர் இவற்றுக்குத்தான் ஏற்றது. மேலே சொன்ன சேஜ்கள் மண் காய்ந்தாலும் தாங்கும். இது ஈரத்தை விரும்பும், தண்ணீர் குறைந்தால் மதியமே துவண்டுவிடும்.

சென்னையில் மாடியில் வச்சேன். ஒரே மாசத்தில் கருகிப்போச்சு. வெயில் தாங்காதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சேஜைக் கொன்றது வெயில் இல்லை, ஈரம். தால்மேஷியாவில் கோடையில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், மாதக்கணக்கில் மழை அதிகம் இருக்காது, அங்கே செடி மொறுமொறுவென்று நிற்கிறது. ஆனால் அங்கே மழை குளிர்காலத்தில் வரும், வெயில்காலம் காய்ந்து கிடக்கும். சென்னையில் அப்படி இல்லை. மே மாதத்தில் இரவிலும் 28 டிகிரியை ஒட்டி இருக்கும், காற்றில் பிசுபிசுப்பு. இலையின் ரோமத்தில் ஈரம் காயாது, வேரடி மண்ணும் காயாது. இலை தொங்குவதைப் பார்த்து, பாவம் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். வேர் அழுகும் செடியும் அதே மாதிரிதான் தொங்கும்! இந்த இடத்தில்தான் பெரும்பாலான சேஜ்கள் சாகின்றன.

இலை தொங்கினால் முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். அடிமண்ணிலிருந்து நாற்றம் வந்தால் வேர் போய்விட்டது. மேலே நல்லதாக இருக்கும் நுனிகளை வெட்டிப் பதியம் போட்டுவிடுங்கள், தாயைக் காப்பாற்றுவது கஷ்டம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு என் யோசனை வேறு. சேஜை வருடம் முழுக்க வைத்துக்கொள்ள நினைக்காமல், கொத்தமல்லி மாதிரி ஒரு பருவச் செடியாக வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து டிசம்பர் கடைசியில் நட்டால் ஏப்ரல் வரை நன்றாகப் பறிக்கலாம். கோவை, ஓசூர் பக்கம் இதைவிட எளிது. மலையில் மூன்று நான்கு வருடம் நிற்கும். ஆனால் எங்களுக்கும் அக்டோபர், நவம்பர் மழை சோதனைதான். அந்த இரண்டு மாதமும் என் தொட்டிகள் எல்லாம் ஓட்டுத் தாழ்வாரத்துக்குள் வந்துவிடும்.

அப்போ மண் கலவை எப்படிப் போடணும்? கோகோபீட் போடலாமா?

கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள், வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதி செம்மண், கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கரடு மணல் அல்லது சின்ன ஜல்லித்தூள், கால் பங்குக்கும் குறைவாக மட்கிய தொழுவுரம். மண்தொட்டிதான் நல்லது, பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காயும். பத்து அங்குல வாய் போதும்.

உரம் அதிகம் வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை பெரிதாகும், வாசனை குறையும். வருடத்துக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

விதை போடலாமா, குச்சி நடணுமா?

சாதாரணப் பச்சை சேஜுக்கு இரண்டும் சரி. விதை முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும், பொறுமை வேண்டும். புது விதையாக இருக்கணும், பழையது முளைப்பது குறைவு. பெர்க்கார்டன், ட்ரைகலர் மாதிரி வகைகள் விதையில் தாய் மாதிரியே வராது. அவற்றுக்குக் குச்சிதான்.

பூ வராத இளந்தண்டு நான்கு அங்குலம் எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் நட்டு நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். இன்னொரு சுலபமான வழி, தாய்ச்செடியின் கீழ்க்கிளையை வளைத்து மண்ணில் பதித்து மேலே ஒரு கல்லை வைப்பது. மல்லிகைக்குச் செய்வோமே, அதே பதியன்தான்.

செடி கட்டை மாதிரி ஆயிடுச்சு, நடுவில் இலையே இல்லை. ஒட்ட வெட்டிவிடலாமா?

ஒட்ட வெட்டாதீர்கள். சேஜின் முற்றிய கட்டையிலிருந்து புதுத்துளிர் வருவது நிச்சயமில்லை. ரோஜாவுக்குச் செய்கிற கவாத்து இங்கே ஆபத்து. இலை இருக்கும் பச்சைப் பகுதிக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள், வருடத்துக்கு ஒருமுறை, பூத்து முடிந்ததும். முதல் வருடத்திலிருந்தே நுனி கிள்ளி வந்தால் இந்த நிலை சீக்கிரம் வராது. நான்கு வருடம் தாண்டிய செடி என்றால் வெட்டிச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம், முந்தைய பதிலில் சொன்னபடி குச்சி எடுத்துப் புதுசு வையுங்கள்.

சாம்பாரில் நாலு இலை போட்டேன், மருந்து மாதிரி கசந்துபோச்சு. எதில்தான் போடணும் அக்கா?

சாம்பாரும் புளிக்குழம்பும் சேஜுக்கு இடமில்லை. இதன் வாசனை கொழுப்பில் கரையும். தண்ணீரில் நெடுநேரம் கொதித்தால் கசப்புதான் முன்னால் வந்து நிற்கும். புளியும் பெருங்காயமும் மேலே ஏறி மிதிக்கும். சேஜுக்கு வேண்டியது வெண்ணெய் அல்லது எண்ணெய், மாவுச்சத்துள்ள காய், கொஞ்சம் உப்பு.

இத்தாலியில் செய்வதை முதலில் செய்து பாருங்கள். 50 கிராம் வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி, நுரை அடங்கி லேசாகப் பழுப்பேறி வறுத்த முந்திரி வாசனை வரும்போது பத்து இலைகளைப் போடுங்கள். இலை ஈரமில்லாமல் துடைத்திருக்கணும். அரை நிமிடத்தில் மொறுமொறுப்பாகும், உடனே இறக்கிவிடணும். இதை வேகவைத்த பாஸ்தா மேல் அங்கே ஊற்றுவார்கள். நம் வீட்டில் அவித்த உருளைக்கிழங்கு, பரங்கிக்காய், காளான் மேல் ஊற்றலாம். நெய்யிலும் செய்யலாம், ஆனால் பால்சத்து நீங்கிவிட்டதால் அந்தப் பழுப்பு வாசனை வராது. டஸ்கனியில் வெள்ளை பீன்ஸை சேஜ், பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து வேகவைப்பார்கள். எங்கள் மார்க்கெட்டில் கிடைக்கும் பட்டர் பீன்ஸ் அதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். இரண்டு இலை போதும், வெந்ததும் எடுத்துவிடலாம்.

கோழி ரோஸ்ட் செய்கிறவர்கள் தோலுக்கும் கறிக்கும் நடுவே இலையைச் சொருகிப் பாருங்கள். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் பறவைக்குள் அடைக்கும் பூரணமே வெங்காயமும் சேஜும் ரொட்டித்தூளும்தான். அப்புறம் பஜ்ஜி! கற்பூரவல்லி பஜ்ஜி போடுகிற கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலை மாவைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள், சேஜ் இலை மெல்லியது. ஐரோப்பாவிலும் இலையை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். காம்பு வால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில் அதற்குச் சுண்டெலி என்று பெயர்.

டப்பாவில் காய்ந்த சேஜ் வாங்கினா போதாதா?

நெடுநேரம் வேகும் பண்டத்துக்குப் போதும். காய்ந்தது அடர்த்தியானது, ஒரு மேசைக்கரண்டி நறுக்கிய பச்சை இலைக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்தது கணக்கு. மேலே சொன்ன வெண்ணெய்ப் பொரியலுக்கும் பஜ்ஜிக்கும் பச்சைதான் வேண்டும். வீட்டில் காயவைக்க, பூப்பதற்கு முன் காலையில் பனி காய்ந்ததும் பறித்து, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் வாசனை போய்விடும்.

ஞாபக சக்திக்கு நல்லதுன்னு தினமும் நாலு கப் சேஜ் டீ குடிக்கலாமா?

வேண்டாம். தொண்டைக் கரகரப்புக்கு ஆறவைத்த சேஜ் டீயில் வாய் கொப்பளிப்பது ஐரோப்பாவில் பழைய கைவைத்தியம், எப்போதாவது ஒரு கப் குடிப்பதிலும் தவறில்லை. ஆனால் சமையல் சேஜின் எண்ணெயில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் நரம்பைத் தாக்கும், வலிப்புகூட வரலாம். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருந்தளவில் தொடவே கூடாது. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பால் வற்றும் என்று அந்த ஊர்களில் வழிவழியாகச் சொல்கிறார்கள், அவர்களும் தவிர்க்கட்டும். பாட்டிலில் வரும் சேஜ் எண்ணெயை யாரும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். சமையலில் போடும் நாலைந்து இலைக்கு இந்தப் பயமெல்லாம் தேவையில்லை.

"தோட்டத்தில் சேஜ் வளரும்போது மனிதன் ஏன் சாக வேண்டும்?" என்று இத்தாலியின் சலெர்னோ மருத்துவப் பள்ளி வழியாக வந்த பழைய லத்தீன் பாட்டு ஒன்று கேட்கும். இந்த வரியை எல்லோரும் பகிர்கிறார்கள். அடுத்த வரியே அதற்குப் பதில் சொல்கிறது: சாவின் வலிமைக்கு எதிரான மருந்து எந்தத் தோட்டத்திலும் இல்லை. இரண்டையும் சேர்த்தே படிக்கணும்.

சியா விதையும் சேஜாமே? சப்ஜாவும் அதேதானா?

சியா, ஆமாம், ஒரு சால்வியாதான். மெக்சிகோவின் சால்வியா ஹிஸ்பானிகா. மைசூர் பக்கம் இப்போது பயிரிடுகிறார்கள். விதைக்காக வளர்ப்பது, இலையைச் சமையல் சேஜ் மாதிரிப் பயன்படுத்துவதில்லை. சப்ஜா நம் திருநீற்றுப்பச்சிலையின் விதை, அது துளசி இனம். சப்ஜா கருகருவென்று இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடத்திலேயே ஊதிவிடும். சியா சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளி விதை, ஊற இன்னும் நேரம் எடுக்கும்.

வெள்ளை சேஜ் கட்டு வாங்கிக் கொளுத்தினா வீட்டில் கெட்டது போகும்னு சொல்றாங்களே, நீங்க வளர்க்கிறீங்களா?

இல்லை. வெள்ளை சேஜ், அதாவது சால்வியா அபியானா, தெற்கு கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளரும் செடி. சூமாஷ் போன்ற அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அது சடங்கோடும் மருந்தோடும் சேர்ந்தது. உலகம் முழுக்க விற்பதற்காகக் காடுகளில் திருட்டுத்தனமாக மூட்டை மூட்டையாக வெட்டுகிறார்கள் என்று அவர்களே வருந்திச் சொல்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. புகை போட நம்மிடம் சாம்பிராணி இருக்கிறது. ஆஸ்துமா உள்ள வீட்டில் எந்தப் புகையும் வேண்டாம்.

ரோஸ்மேரியும் இப்போ சேஜ் ஆயிடுச்சாமே? அப்போ ஜெருசலேம் சேஜ்?

ரோஸ்மேரி விஷயம் உண்மை. மரபணு ஆய்வை வைத்து 2017-இல் தாவரவியலாளர்கள் அதை சால்வியாவுக்குள் சேர்த்தார்கள். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2019-இல் அதை ஏற்றுக்கொண்டது. புதுப்பெயர் சால்வியா ரோஸ்மாரினஸ். நீலப்பூ ரஷ்ய சேஜும் அதே மாதிரி உள்ளே வந்துவிட்டது. மஞ்சள் பூ ஜெருசலேம் சேஜுக்குப் பேரில் மட்டும்தான் சேஜ், அது ஃபுளோமிஸ் என்ற வேறு பேரினம், சமையல் சேஜுக்கு மாற்று இல்லை.

பெயர் மாறியதால் ரோஸ்மேரி வளர்ப்பில் எதுவும் மாறவில்லை. மண் கலவைக்கும் தண்ணீருக்கும் மேலே சேஜுக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கலாம். ஒரே தொட்டியில் மட்டும் வேண்டாம், ரோஸ்மேரி பெரிதாகி சேஜின் வெயிலை மறைத்துவிடும்.